'வரை' என்ற சொல்லுக்கு எத்தனை ஜிகாபிட்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராமேசுவரம், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று நம் கரையோரத்தில் கடல் உணவு ஏற்றுமதிக் கம்பெனியானாலும் லாட்ஜானாலும் கல்லூரியானாலும், கணக்கு மெஷின் இப்போது அலுவலக மூலையில் இருப்பதில்லை. மும்பையிலோ ஐதராபாத்திலோ சென்னையிலோ ஏதோ ஒரு கிளவுடில் வாடகைக்கு ஓடுகிறது. ஒரு மெஷினில் பில் போடும் மென்பொருள், இன்னொன்றில் டேட்டாபேஸ், சில இடங்களில் பேக்கப்புக்கென்று மூன்றாவது. இந்த மெஷின்கள் தங்களுக்குள் எவ்வளவு வேகத்தில் பேசிக்கொள்கின்றன என்பதை அநேகமாக யாரும் அளந்து பார்ப்பதில்லை. விலைப்பட்டியலில் 'நெட்வொர்க்: 10 ஜிகாபிட் வரை' என்று போட்டிருக்கும். டெண்டர் எழுதுபவர் அதைப் பார்த்து எழுதும்போது 'வரை' மட்டும் கீழே விழுந்துவிடும். ஆறு மாதம் கழித்து பில் திரை சுற்றிக்கொண்டே நின்றால், பெரிய மெஷினாக மாற்றச் சொல்வார்கள். மாற்றியபின்னும் திரை சுற்றும். வாடகை மட்டும் ஏறியிருக்கும்.

கிளவுட் மெஷின்களைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவர்கள் என்ற முறையில் நாங்கள் சொல்ல வருவது இதுதான்: ஆண்டு வாடகைக்குக் கையெழுத்துப் போடுமுன் இரண்டு மெஷின்களுக்கு நடுவே வேகத்தை நீங்களே அளந்துவிடுங்கள். எண்ணை மட்டும் அல்லாமல், அதை எப்படி அளந்தீர்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அரைநாள் வேலை. எங்கே கால் இடறும் என்று சொல்ல வேண்டியிருப்பதால் கடிதம் நீண்டுவிட்டது.

போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் படம் அனுப்புவதை முதலில் நிறுத்த வேண்டும். பாம்பனில் நின்று போடும் அந்தச் சோதனை உங்கள் டவரும் ஃபைபரும் ஏதோ ஒரு நகரத்துச் சோதனை சர்வர் வரை எவ்வளவு இழுக்கின்றன என்பதைக் காட்டும். டேட்டா சென்டருக்குள் இரண்டு மெஷின்கள் பேசிக்கொள்வதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கரையிலிருந்து மெஷினுக்கு ஒரு வழி, மெஷினிலிருந்து மெஷினுக்கு வேறொரு வழி. இரண்டையும் தனித்தனியே அளந்தால்தான் நோய் எங்கே என்று தெரியும்.

அடுத்தது அலகு. நெட்வொர்க்காரர்கள் பிட்டில் பேசுவார்கள், ஃபைல் காப்பி செய்யும் திரை பைட்டில் பேசும். 8 பிட் ஒரு பைட். 1 ஜிகாபிட் லைனில் ஃபைல் நொடிக்கு 115 மெகாபைட் அளவில் போனால் லைன் நிறைந்து ஓடுகிறது என்று பொருள். 'ஆயிரம் வரவில்லையே' என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

அளக்கும் கருவி ஐபெர்ஃப்3. அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வு நெட்வொர்க்கான ஈஎஸ்நெட் பராமரிக்கும் இலவச மென்பொருள். டிஸ்க்கைத் தொடாமல் ஒரு மெஷினின் நினைவகத்திலிருந்து இன்னொன்றின் நினைவகத்துக்கு டேட்டாவைத் தள்ளிப் பார்க்கும். தமிழ் அச்சில் கட்டளைகளை ஒலிப்படிதான் எழுத முடிகிறது. திரையில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பதில் கவனம் தேவை. ஆங்கிலத்தின் பதினாறாம் எழுத்தான சின்ன 'பி' போட்டால் போர்ட் எண் (மெஷினுக்குள் நுழையும் வாசலின் எண்), பெரிய 'பி' போட்டால் ஒரே நேரத்தில் எத்தனை ஓட்டம், அதாவது எத்தனை தனித்தனி இணைப்பு என்ற எண். இதை மாற்றிப் போட்டுவிட்டு கனெக்ஷன் கிடைக்கவில்லை என்று ஃபயர்வாலைத் தோண்டுவது அடிக்கடி நடக்கிறது.

பெறும் மெஷினில் 'ஐபெர்ஃப்3 -எஸ்' (சின்ன எஸ்) என்று அடித்துவிட்டு விடுங்கள், காத்துக்கொண்டிருக்கும். அது கேட்பது 5201-ஆம் போர்ட்டில். கிளவுடின் செக்யூரிட்டி குரூப்பிலும் மெஷினுக்குள்ளே இருக்கும் ஃபயர்வாலிலும், இரண்டிலுமே, அந்த போர்ட்டை டிசிபி-க்கும் (போய்ச் சேர்ந்ததா என்று உறுதிசெய்துகொண்டே அனுப்பும் முறை) யுடிபி-க்கும் (உறுதிசெய்யாமல் அனுப்பும் முறை) திறக்க வேண்டும். அனுப்பும் மெஷினின் முகவரிக்கு மட்டும் திறந்தால் போதும், உலகத்துக்கே திறந்துவைக்க வேண்டாம். அனுப்பும் மெஷினில் சின்ன 'சி' போட்டு எதிர் மெஷினின் பிரைவேட் முகவரி (கிளவுடின் உள் நெட்வொர்க்கில் மட்டும் செல்லும் முகவரி), பிறகு சின்ன 'டி' (டைம் என்பதன் முதல் எழுத்து) 60, பெரிய 'ஓ' 5, சின்ன 'எஃப்' எம். அதாவது 60 நொடி ஓட்டு, வேகம் பிடிக்கும் முதல் 5 நொடியைக் கணக்கில் சேர்க்காதே, எல்லாவற்றையும் மெகாபிட்டிலேயே காட்டு.

பிரைவேட் முகவரி என்பதை அழுத்திச் சொல்கிறோம். பப்ளிக் முகவரிக்கு ஓட்டினால் பக்கத்தில் இருக்கும் மெஷினுக்கே டேட்டா வாசல் வரை போய்த் திரும்பி வரும். வேகத்துக்கும் வேறு வரம்பு விழும், பில்லிலும் ஜிபி கணக்கு ஏறும்.

திரையில் நொடிக்கு ஒரு வரி விழும். நேரம், எவ்வளவு போனது, பிட்ரேட், 'ரெட்ர்', கடைசியில் 'சிடபிள்யூஎன்டி' (பதில் வருமுன் எவ்வளவு அனுப்பலாம் என்ற அளவு). எல்லாரும் பிட்ரேட்டை மட்டும் பார்ப்பார்கள். நாங்கள் முதலில் பார்ப்பது ரெட்ர், அதாவது தொலைந்துபோய் மறுபடி அனுப்பிய பாக்கெட் (டேட்டாவை நறுக்கி அனுப்பும் சின்னப் பொட்டலம்) எண்ணிக்கை. அது சைபராகவோ ஒற்றை இலக்கத்திலோ நின்று பிட்ரேட்டும் ஆடாமல் நின்றால் வேகம் ஏதோ ஒரு சுவரில் சீராக முட்டி நிற்கிறது. ரெட்ர் நூற்றுக்கணக்கில் ஏறி பிட்ரேட் ஏறி இறங்கினால் நடுவில் யாரோ பாக்கெட்டைக் கொட்டுகிறார்கள். பெரும்பாலும் அது கிளவுட்காரரின் வேகக் கட்டுப்பாடே. சோதனை முடிவில் அனுப்பியவர் வரி, பெற்றவர் வரி என்று இரண்டு வரும். பெற்றவர் வரியை எழுதிக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததுதான் கணக்கு.

1 ஜிகாபிட் லைனில் 941 மெகாபிட் என்ற எண் வந்தால் குறை சொல்லாதீர்கள். 1500 பைட் பாக்கெட்டில் தலைப்புகள் போக உங்கள் டேட்டா 1448 பைட். ஈத்தர்நெட் உறை, இடைவெளி எல்லாம் சேர்த்து கம்பியில் போவது 1538 பைட். 1448-ஐ 1538-ஆல் வகுத்தால் 94.1 சதவீதம். அந்த 941 லைன் முழு ஆரோக்கியம் என்பதற்கு அடையாளம்.

இனி பொறிகள். ஓட்டங்களின் எண்ணிக்கையிலிருந்து தொடங்கலாம். பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் தூண்களை இரட்டைப் பாதைக்கு ஏற்றபடி கட்டியிருக்கிறார்கள். இன்று அதன்மேல் கிடப்பது ஒற்றைத் தண்டவாளம். எவ்வளவு பலமான தூணாக இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். கிளவுடிலும் மெஷினுக்கு ஒரு வரம்பு, அதற்குள் ஒரு ஓட்டத்துக்கு வேறொரு வரம்பு. அமேசானின் ஏடபிள்யூஎஸ்-ஸில் இரண்டு மெஷின்களும் ஒரே கிளஸ்டர் பிளேஸ்மென்ட் குரூப்பில் (மெஷின்களை அருகருகே வைக்கும் ஏற்பாடு) இல்லையென்றால் சாதாரணமாக ஒரு ஓட்டத்துக்கு 5 ஜிகாபிட் உச்சம், இருந்தால் 10. நீங்கள் 25 ஜிகாபிட் மெஷின் எடுத்திருந்தாலும் ஒற்றை ஓட்டத்தில் 4.9-ல் நின்றுவிட்டால் மெஷின் மேல் தப்பில்லை.

அனுப்பும் முகவரி, பெறும் முகவரி, இரு பக்கத்து போர்ட் எண்கள், புரோட்டோகால் ஆகிய ஐந்தும் ஒன்றாக இருந்தால் அது ஒரு ஓட்டம். பெரிய 'பி' 8 என்று போட்டால் எட்டு வேறு போர்ட்டுகளிலிருந்து எட்டு ஓட்டம் கிளம்பும். மொத்தத்தை 'சம்' என்று தொடங்கும் வரியில் பார்க்கலாம். ஒற்றை ஓட்டத்திலும் எட்டு ஓட்டத்திலும் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். விற்பவர் எட்டு ஓட்டத்து எண்ணைத்தான் காட்டுவார். உங்கள் டேட்டாபேஸ் பேக்கப்போ ஒரே கனெக்ஷனில் போகிறது. அதற்கு ஒற்றை ஓட்டத்து எண்ணே பொருந்தும்.

இதிலேயே இன்னொரு சிக்கல், ஐபெர்ஃப்3-இன் வயது. 3.16-க்கு முந்தைய பதிப்புகள் எத்தனை ஓட்டம் போட்டாலும் ஒரே சிபியு கோரில்தான் (செயலியின் பல பகுதிகளில் ஒன்றில்) வேலை செய்யும். உபுண்டு என்ற லினக்ஸின் 22.04 பதிப்பில் அதன் ஏபிடி நிறுவி மூலம் நிறுவினால் வருவது 3.9; 24.04-இல்தான் 3.16. பழையதை வைத்துக்கொண்டு 25 ஜிகாபிட் மெஷினை அளந்தால் நெட்வொர்க்குக்கு முன் அந்த ஒரு கோர் மூச்சுத்திணறி நிற்கும். சோதனை ஓடும்போது இன்னொரு திரையில் 'டாப்' போட்டு '1'-ஐத் தட்டினால் கோர் வாரியாகத் தெரியும். ஒன்று மட்டும் நூறைத் தொட்டு மற்றவை சும்மா இருந்தால் இதுதான் காரணம். 5201, 5202, 5203 என்று தனித்தனி போர்ட்டில் தனித்தனியாகச் சர்வரை ஓட்டி, ஒரே நேரத்தில் தனித்தனி கிளையண்டை விட்டுக் கூட்டிக்கொள்ளலாம். ஒரே போர்ட்டில் இரண்டு கிளையண்டை விட்டால் இரண்டாவதுக்கு 'சர்வர் பிஸி' என்று பதில் வரும். ஒரு நேரத்தில் ஒரு சோதனைக்குத்தான் அது இடம் கொடுக்கும்.

அதே 'டாப்' திரையில் 'எஸ்டி' என்ற எண்ணையும் பாருங்கள். நம் மெஷினுக்கு வர வேண்டிய சிபியு நேரத்தை அடியிலிருக்கும் பெரிய மெஷின் வேறொருவருக்குக் கொடுத்துவிட்ட அளவு அது. சில சதவீதத்துக்கு மேல் நின்றால் அன்றைய அளவீட்டைத் தூக்கிப் போடுங்கள்.

இப்போது 'வரை'க்கு வருவோம். மற்றப் பொறிகளில் விழுந்தால் எண் தப்பாக வரும், அவ்வளவுதான். இதில் விழுந்தால் பணம் போகும்.

சின்ன, நடுத்தர மெஷின்களுக்கு ஒரு அடிப்படை வேகமும் ஒரு உச்ச வேகமும் உண்டு. விளம்பரத்தில் இருப்பது உச்சம். ஏடபிள்யூஎஸ்-ஸின் எம்5.லார்ஜ் '10 ஜிகாபிட் வரை' மெஷின். அதன் அடிப்படை 0.75 ஜிகாபிட். டி3.மைக்ரோ '5 ஜிகாபிட் வரை', அடிப்படை 0.064 ஜிகாபிட், அதாவது 64 மெகாபிட். அடிப்படைக்குக் கீழே ஓடும் நேரமெல்லாம் மெஷினுக்கு ஒரு கையிருப்பு சேரும். வேகமாக ஓடும்போது அது கரையும். தீர்ந்ததும் மெஷின் அடிப்படைக்கு இறங்கிவிடும். உச்ச வேகம் பொதுவாக 5 முதல் 60 நிமிடம் வரை நிற்கும், அது மெஷினின் அளவைப் பொறுத்தது என்று அமேசான் தன் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. கையிருப்பு இருந்தாலும் உச்சம் நிச்சயம் கிடைக்கும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. ஒளித்து வைக்கவில்லை, விலைப்பட்டியலோடு சேர்த்து யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

ஐபெர்ஃப்3-ஐ ஒன்றும் சொல்லாமல் விட்டால் 10 நொடிதான் ஓடும். கையிருப்போ நிமிடக்கணக்கில் நிற்கிறது. புதிதாகத் திறந்த மெஷினில் 10 நொடி ஓட்டிக் காட்டினால் எந்த மெஷினும் சிங்கம்தான். ஆகவே நேரத்தை 1800 நொடி, முடிந்தால் 3600 நொடி என்று வையுங்கள். சீராகப் போய்க்கொண்டிருந்த வரிகள் ஏதோ ஒரு நிமிடத்தில் சட்டென்று விழும். விழுந்த இடத்திலேயே படுத்துவிடும். பக்கத்தில் ரெட்ர் ஏறும். அந்த நிமிடத்தையும் விழுந்த எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் மெஷினின் உண்மை முகம் அதுதான். மெகாபிட்டிலேயே காட்டச் சொல்லி 'எஃப் எம்' போடச் சொன்னதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. போடாவிட்டால் மென்பொருள் அலகைத் தானே மாற்றிக்கொள்ளும், 4.9 என்று வந்துகொண்டிருந்த எண் திடீரென 745 ஆகிவிடும். ஓரத்தில் 'ஜி' போய் 'எம்' வந்ததைக் கவனிக்காதவர், வேகம் கூடிவிட்டது என்று சந்தோஷப்பட்டுக் கையெழுத்துப் போடுவார்.

லினக்ஸ் மெஷினாக இருந்தால், விழுந்ததற்கு யார் பொறுப்பு என்பதை ஒரு கட்டளையில் நிரூபிக்கலாம். 'ஈத்டூல்', பெரிய 'எஸ்', நெட்வொர்க் கார்டின் பெயர். நீண்ட பட்டியல் வரும். ஏடபிள்யூஎஸ்-ஸின் ஈஎன்ஏ கார்டில் 'பிடபிள்யூ அவுட் அலவன்ஸ் எக்சீடட்', 'பிடபிள்யூ இன் அலவன்ஸ் எக்சீடட்', 'பிபிஎஸ் அலவன்ஸ் எக்சீடட்', 'கான்டிராக் அலவன்ஸ் எக்சீடட்' என்று எண்ணிகள் இருக்கும். முதல் இரண்டும் பேண்ட்விட்த் வரம்பைத் தாண்டியதால் வரிசையில் நிறுத்தியோ கொட்டியோ விட்ட பாக்கெட்டுகள். மூன்றாவது, நொடிக்கு இத்தனை பாக்கெட் என்ற வரம்பைத் தாண்டியவை. நான்காவது, கனெக்ஷன் எண்ணிக்கை வரம்பு நிறைந்ததால் விழுந்தவை. சோதனைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். இந்த எண்கள் ஏறியிருந்தால் குறை உங்கள் மென்பொருளில் இல்லை. வாங்கிய அளவு போதவில்லை.

இதை ஓடிக்கொண்டிருக்கும் மெஷினிலும் பார்க்கலாம் என்பது பெரிய வசதி. வேலை நடக்கும் மெஷினில் ஐபெர்ஃப்3-ஐ ஓட்டக் கூடாது. மற்றவர்களின் வேலை நின்றுபோகும், கையிருப்பும் கரைந்துபோகும். எண்ணியைப் படிப்பதில் ஒரு சேதமும் இல்லை.

எப்போது படிப்பது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஏற்றுமதிக் கம்பெனியின் மெஷின் தூங்கிக்கொண்டிருக்கும். கையிருப்பு எப்போதும் நிறைந்திருக்கும். அப்போது பார்த்தால் எல்லாம் சுகமாகத் தெரியும். தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கரை திரும்பி, எடை போட்டு, பில் போட்டு, ஐஸ் கணக்கும் லாரி கணக்கும் ஒரே நேரத்தில் ஏறும் காலையில் படியுங்கள். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற முறை இருக்கும் துறைகளில் விசைப்படகு வரும் நாளைப் பிடியுங்கள். லாட்ஜ்காரர்களுக்கு ஆடி அமாவாசையும் தை அமாவாசையும். ஆனால் மும்பை டேட்டா சென்டரில் நம் பக்கத்து மெஷின்காரருக்கு நம் தடைக்காலம் தெரியாது. அவர் போடும் சத்தம் அவர் நேரத்துக்கு வரும். ஆகவே புது மெஷினில் ஐபெர்ஃப்3 சோதனையை ஒரே தடவையில் முடிக்காமல் காலை, மாலை, நள்ளிரவு என்று நாலைந்து நாள் ஓட்டி, எல்லா எண்ணையும் வரிசையாக அடுக்கி நடுவில் வருவதையும் ஆகக் குறைந்ததையும் எழுதுங்கள். ஆக உயர்ந்ததை விற்பவர் ஏற்கெனவே எழுதிவிட்டார்.

திசையையும் மறக்க வேண்டாம். பெரிய 'ஆர்' போட்டால் அதே சோதனை எதிர்த்திசையில் ஓடும். மைக்ரோசாஃப்டின் அஸூரில் வேக வரம்பு மெஷினிலிருந்து வெளியே போகும் டேட்டாவுக்குத்தான். உள்ளே வருவதை நேரடியாக அளந்து கட்டுப்படுத்துவதில்லை. சின்ன மெஷினும் பெரிய மெஷினும் பேசும்போது போகும் வேகமும் வரும் வேகமும் வேறுவேறாக இருப்பதில் ஆச்சரியமில்லை. டேட்டாபேஸிலிருந்து பில் மெஷினுக்கு வருவதுதான் உங்களுக்கு அதிகம் என்றால் அந்தத் திசை எண்ணை முன்னால் எழுதுங்கள்.

யுடிபி சோதனையில் ஒரு வேடிக்கை. சின்ன 'யு' மட்டும் போட்டு ஓட்டினால் ஐபெர்ஃப்3 நொடிக்கு 1 மெகாபிட்டுக்கு மேல் அனுப்பாது. அதன் இயல்பு அப்படி. '10 ஜிகாபிட் மெஷினில் 1 மெகாபிட்தான் வருகிறது' என்று புகார் எழுதுமுன் சின்ன 'பி'-ஐப் பாருங்கள். தமிழில் இரண்டும் 'பி'தான். இங்கே சொல்வது ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்து. அதில் வேண்டிய வேகத்தைக் கொடுக்க வேண்டும். அங்கேயும் பெறுபவரின் பஃபர் (வந்த டேட்டாவைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) சின்னதாக இருந்தால் நெட்வொர்க்கில் விழாத பாக்கெட்டையும் விழுந்ததாகக் காட்டும்.

விண்டோஸ் மெஷினில் டேலி வைத்திருப்பவர்கள் இங்கே நிறைய. விண்டோஸில் ஐபெர்ஃப்3 வேண்டாம். அதை எழுதியவர்கள் விண்டோஸை அதிகாரபூர்வமாக ஆதரிப்பதில்லை. மைக்ரோசாஃப்டே தரும் என்டிடிடிசிபி என்ற கருவியை எடுங்கள்.

பாக்கெட்டின் அளவு தனி வில்லங்கம். ஏடபிள்யூஎஸ் உள் நெட்வொர்க்கில் ஒரு பாக்கெட் 9001 பைட் வரை போகலாம். இன்டர்நெட் வாசலில் 1500. கூகுள் கிளவுடில் நாமாக மாற்றாவிட்டால் 1460. நடுவில் விபிஎன் போட்டால் இன்னும் சுருங்கும். பெரிய பாக்கெட் நடு வழியில் மாட்டிக்கொண்டால் 'சின்னதாக அனுப்பு' என்ற தகவல் ஐசிஎம்பி (நெட்வொர்க்கின் பிழைச் செய்திகளைச் சொல்லும் முறை) வழியாகத் திரும்பி வர வேண்டும். பாதுகாப்பு என்று ஐசிஎம்பி முழுவதையும் அடைத்துவைத்திருந்தால் அந்தத் தகவல் வராது. அறிகுறி விசித்திரமாக இருக்கும்: லாகின் ஆகும், சின்ன கட்டளைக்கெல்லாம் பதில் வரும், பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி செய்யத் தொடங்கியதும் அப்படியே உறைந்து நிற்கும். ஐபெர்ஃப்3-இலும் முதல் நொடியில் கொஞ்சம் போய், பிறகு வரிசையாகச் சைபர் விழும். லினக்ஸில் பிங் கட்டளையில் பெரிய 'எம்' போட்டு 'டூ' (எண் 2 அல்ல, டி, ஓ என்ற இரண்டு எழுத்து) என்று எழுதி, சின்ன 'எஸ்' 1472 கொடுத்துப் பாருங்கள். 28 பைட் தலைப்பு சேர்ந்து அது சரியாக 1500 ஆகும். போகவில்லையென்றால் போகும் வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். 9001-க்குச் சோதிக்க 8973.

ஒரு மெஷின் மும்பையிலும் இன்னொன்று சென்னையிலும் இருந்தால் கணக்கே வேறு. டிசிபி பதில் வரும்வரை எவ்வளவு டேட்டாவைக் காற்றில் விட்டுவைக்கலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு. போய்வர 20 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொண்டால், 1 ஜிகாபிட் வேகத்துக்கு 2.5 மெகாபைட், 5 ஜிகாபிட்டுக்கு 12.5 மெகாபைட் வழியிலேயே இருக்க வேண்டும். பல லினக்ஸ் பதிப்புகளில் பெறும் பஃபரின் உச்சம் இயல்பாக 6 மெகாபைட். அது முழுதும் கிடைத்தாலே ஒற்றை ஓட்டம் 2.5 ஜிகாபிட்டைத் தாண்டாது. அதிலும் ஒரு பங்கு உள்கணக்குக்கே போய்விடும் என்பதால் அதற்கும் கீழேதான் நிற்கும். 'டிசிபி ஆர்மெம்', 'டிசிபி டபிள்யூமெம்' அமைப்புகளின் மூன்றாவது எண்ணை இரண்டு மெஷினிலும் கூட்டிவிட்டு மறுபடி அளங்கள். கூட்டியதும் எண் எகிறினால் லைன் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

இவ்வளவு சொன்னபிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சுற்றிக்கொண்டே நிற்கும் பில் திரைக்குப் பல நேரம் பேண்ட்விட்த் காரணமே இல்லை. போய்வரும் நேரம்தான் காரணம். ஒரு பில் திறக்க மென்பொருள் டேட்டாபேஸிடம் 200 கேள்வியை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறது என்று வையுங்கள். இரண்டு மெஷினும் ஒரே ஜோனில் (ஒரு ரீஜனுக்குள், அதாவது கிளவுட்காரரின் ஒரு நகரப் பகுதிக்குள், இருக்கும் டேட்டா சென்டர் தொகுதி), போய்வர அரை மில்லிசெகண்ட் என்றால் 0.1 நொடி. டேட்டாபேஸ் வேறு ஊரில், 20 மில்லிசெகண்ட் என்றால் 4 நொடி. 10 ஜிகாபிட் போட்டாலும் 100 ஜிகாபிட் போட்டாலும் அந்த 4 நொடி குறையாது. இதை அளக்க நெட்பெர்ஃப் என்ற கருவியின் 'டிசிபி ஆர்ஆர்' சோதனை சரி. நொடிக்கு எத்தனை கேள்வி-பதில் முடிந்தது என்று சொல்லும். 2,000 என்றால் போய்வர 0.5 மில்லிசெகண்ட். அதன் கட்டுப்பாட்டு போர்ட் 12865. டேட்டா போகும் போர்ட் ஒவ்வொரு முறையும் மாறும், நாமே ஒன்றைக் குறிப்பிட்டு அதையும் திறக்காவிட்டால் சோதனை தொடங்கிவிட்டு நின்றுபோகும். வேக எண்ணுக்குப் பக்கத்தில் இந்த எண் இல்லாத அறிக்கையை நாங்கள் பாதி அறிக்கை என்றே எடுத்துக்கொள்வோம்.

ஐபெர்ஃப்3 நன்றாக வந்து, ஃபைல் காப்பி மட்டும் நொடிக்கு 125 மெகாபைட் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் டிஸ்க்கைப் பாருங்கள். ஏடபிள்யூஎஸ்-ஸின் ஜிபி3 டிஸ்க் கூடுதல் காசு கட்டாதவரை தருவதே 125 மெகாபைட்தான். அதுவும் 1 ஜிகாபிட் லைன் போலவே முகம் காட்டுவதால் ஏமாறுவது எளிது.

டெண்டர் எழுதுபவர்கள் '10 ஜிகாபிட் நெட்வொர்க்' என்ற ஒற்றை வரிக்குப் பதில் இப்படி எழுதலாம்: 'இரண்டு மெஷின்களும் ஒரே ரீஜனில், ஒரே ஜோனில், பிரைவேட் முகவரி வழியாக, ஐபெர்ஃப் 3.16 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு. ஒற்றை ஓட்டத்திலும் எட்டு ஓட்டத்திலும், இரு திசைகளிலும், ஒவ்வொன்றும் 60 நிமிடம். பெற்றவர் பக்கத்து எண். கடைசி 10 நிமிடத்தின் சராசரி இத்தனை மெகாபிட்டுக்குக் குறையக் கூடாது. டிசிபி கேள்வி-பதில் நொடிக்கு இத்தனைக்குக் குறையக் கூடாது.' எண்ணை அவரவர் தேவைக்குப் போட்டுக்கொள்ளலாம். பெரும்பாலான பில் மென்பொருளுக்கு 500 மெகாபிட்டே தாராளம் என்பது எங்கள் கருத்து. இதைக் கேட்டால் விற்பவருக்கு மட்டும் வருத்தம் வரும். 'கடைசி 10 நிமிடம்' என்ற சொற்களை யாராவது அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினால், ஏன் அடித்தார் என்று கேளுங்கள்.

சோதனைக்கும் செலவு உண்டு. ஒரே ஜோனில் பிரைவேட் முகவரியில் ஓட்டினால் ஏடபிள்யூஎஸ்-ஸில் டேட்டாவுக்குக் கட்டணம் இல்லை. ஜோன் மாறினால் ஜிபிக்கு ஒரு சென்ட் வீதம் இரு பக்கமும் விழும். 5 ஜிகாபிட்டில் வேகம் விழாமல் 30 நிமிடம் ஓடினால் 1,125 ஜிபி, 22.5 டாலர், ரூபாயில் இரண்டாயிரத்தை ஒட்டி வரும். ரீஜன் மாறினால் அதைவிடக் கூடும், அங்கே 60 நொடியோடு நிறுத்திக்கொள்ளலாம். முடிந்ததும் 5201-ஐயும் 12865-ஐயும் மூடி, சோதனைக்காக எடுத்த மெஷின்களையும் அவற்றின் டிஸ்க்குகளையும் அழித்துவிடுங்கள். மெஷினை நிறுத்தி மட்டும் வைத்தால் டிஸ்க்குக்கு மாதாமாதம் வாடகை ஓடிக்கொண்டிருக்கும்.

இப்படிக்கு,
கிளவுட் மெஷின் பராமரிப்புப் பணியில் உள்ள சிலர்,
ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை